தொங்கிப்போன மாட்டுக் கணக்கு

ஆவரங்குறிச்சி கால்நடை அலுவலகத்தில் மொத்தம் நாலு பேர். நாலு பேரும் கெட்டிக்காரர்கள் என்பதில் அந்த நாலு பேருக்கும் துளி சந்தேகம் கிடையாது. வெளியாட்களைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்கள். ஆனால் வெளியாட்களை யாரும் கேட்கவில்லை.

தலைவர் கண்காணிப்பாளர் குழந்தைவேலு. முப்பத்தொரு வருஷ சர்வீஸ். மேலே இருந்து ஒரு வார்த்தை வந்தால் அதை அப்படியே, ஒரு எழுத்து கூடாமல் குறையாமல் செய்து முடிப்பவர். அவருக்கு அடுத்து எழுத்தர் செங்கோடன்; எதையும் யோசித்துத்தான் செய்வார், யோசித்ததுதான் தப்பாக இருக்கும். கம்ப்யூட்டரில் பதிவேற்றுபவள் தெய்வானை. கோப்பு தூக்குவது, தண்ணீர் பிடிப்பது, உடைக்க வேண்டியதை உடைப்பது எல்லாம் பரஞ்சோதி.

வட்டத்தில் இருக்கிற மாடு அத்தனையும் அலுவலகத்து ரெண்டு கம்ப்யூட்டருக்குள் இருந்தது. 'மந்தை' என்று ஒரு மென்பொருள். எத்தனை மாடு, எத்தனை ஊசி என்று ஒரு பொத்தானை அழுத்தினால் அறிக்கை வந்துவிடும் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து போன். பக்கத்து வட்டத்தில் கோமாரி வந்துவிட்டது. தடுப்பூசி மருந்து குறைவாகத்தான் இருக்கிறது. ஊசி போடாத மாடு எத்தனை என்று மூன்று மணிக்குள் யார் சொல்கிறார்களோ அவர்களுக்கு மருந்து. சொல்லாதவர்களுக்கு அடுத்த மாதம்.

குழந்தைவேலு போனை வைத்துவிட்டு நேரே கம்ப்யூட்டரிடம் போனார். ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே கோமாரி ஆவரங்குறிச்சிக்கு வந்தது. வாயெல்லாம் புண்ணாகி, முன்னால் வைத்த பசும்புல்லைப் பார்த்துக்கொண்டே பட்டினி கிடந்த மாடுகளை அவர் நேரில் பார்த்திருக்கிறார். அன்றைக்கு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார். சளி என்று எல்லோரிடமும் சொன்னார்.

"அம்மிணி, பொத்தானை அமுத்து" என்றார்.

தெய்வானை அழுத்தினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. கீழே, 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று எழுத்து வந்தது.

நாலு பேரும் காத்திருந்தார்கள். எப்படிக் காத்திருப்பது என்று அதில் போடாததால் நின்றபடியே காத்திருந்தார்கள். பத்தே முக்காலுக்கு செங்கோடனுக்குக் கால் மரத்துப்போனது.

"உக்காந்து காத்திருக்கலாமுங்களா?" என்றார்.

"தயவுசெஞ்சுன்னு போட்டிருக்குது. அத்தனை மரியாதையாச் சொல்றப்ப நாம உக்காரலாமா?" என்றார் குழந்தைவேலு.

பதினோரு மணிக்கு மென்பொருள் கம்பெனிக்கே போன் போட்டார்கள். சென்னையிலிருந்து ஜெஸிந்தா என்ற பெண் பேசினாள். குரலில் நல்ல பொறுமை இருந்தது. அப்போது மணி பதினொன்றுதானே.

"சார், ரிப்போர்ட் தொங்குதா?"

குழந்தைவேலு எட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டர் மேஜை மேல் நன்றாக உட்கார்ந்திருந்தது. "ரிப்போர்ட் தொங்கலீங்க."

"வட்டம் சுத்திக்கிட்டே இருக்கா?"

"சுத்துதுங்க."

"அப்ப தொங்குதுன்னுதான் சார் அர்த்தம். தொங்குறதை முதல்ல எடுத்துவிடணும். எடுத்துட்டுக் கூப்பிடுங்க."

போனை வைத்துவிட்டு நாலு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். தொங்குவதற்கா பஞ்சம்? முதலில் காலண்டரை எடுத்தார்கள். பிறகு பரஞ்சோதியின் குடை, சுவர்க்கடிகாரம், செங்கோடனின் சாப்பாட்டுப் பை. மின்விசிறியைப் பற்றி வாக்குவாதம் வந்தது.

"அதுவும் தொங்குதுங்க. அதோட சுத்தவும் சுத்துது" என்றாள் தெய்வானை.

"ரெண்டும் பொருந்துதே! அதுதான் குத்தவாளி" என்றார் செங்கோடன்.

பரஞ்சோதி ஏணி வைத்து விசிறியைக் கழற்றினார். வேர்வை வழிய மறுபடியும் பார்த்தார்கள். வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

"தொங்கறதை எல்லாம் இறக்கிட்டோமுங்க" என்று குழந்தைவேலு ஜெஸிந்தாவுக்குத் தெரிவித்தார்.

அவள் எதை இறக்கினார்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். "சரி சார், நான் பாக்குறேன். நீங்க பத்து வருஷத்து மாட்டையும் ஒரே நேரத்துல கேக்குறீங்க. டேட்டாபேஸ் திணறுது. கேள்வியைச் சின்னதாக்குங்க."

நியாயம்தான் என்று எல்லோருக்கும் பட்டது. தெய்வானை கேள்விப் பெட்டியிலிருந்த எழுத்துகளைச் சின்னதாக்கினாள். பாதியாக்கினாள். அதிலும் பாதியாக்கினாள். கடைசியில் எறும்புக் கால் மாதிரி ஆன பிறகு, செங்கோடன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல சின்னதாக் கேக்க மனுசனால முடியாதுங்க" என்று சான்று கொடுத்தார். பொத்தானை அழுத்தினார்கள்.

வட்டம் சுற்றியது.

மூன்றாவது தடவை பேசும்போது ஜெஸிந்தாவின் பொறுமை கொஞ்சம் தேய்ந்திருந்தது. "கண்டுபிடிச்சிட்டேன் சார். டேபிள் லாக் ஆயிருக்கு. உங்க ஆள் யாரோ பிடிச்சு வச்சிருக்காங்க. அவங்க விட்டாத்தான் வேலை நடக்கும்."

குழந்தைவேலு போனைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினார். "டேபிளை யாரு பிடிச்சிருக்கறது?"

செங்கோடன் மேஜையில் சாய்ந்திருந்த கையைச் சட்டென்று எடுத்தார். தெய்வானை முழங்கையை எடுத்தாள். நாலு பேரும் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார்கள். மனு கொடுக்க வந்த ஒருவர் வாசலில் நின்று இந்தக் காட்சியைப் பார்த்தார். இன்னொரு நாள் வரலாம் என்று திரும்பிப் போய்விட்டார்.

"விட்டாச்சுங்க. இனி லாக்குதான் பாக்கி" என்றார் பரஞ்சோதி.

அலுவலகத்தில் இருந்த நாலு மேஜையில் பூட்டு போட்டது ஒன்றே ஒன்று. குழந்தைவேலுவின் மேஜை இழுப்பறை. சாவி தொலைந்து ஒன்பது வருஷம் ஆகிறது. தன்னால்தான் இத்தனை மாடுகளுக்கும் கேடா என்று அவருக்கு முகம் வாடிவிட்டது. "உடைச்சிரு பரஞ்சோதி. எம் மேஜைன்னு பாக்காத" என்றார்.

பரஞ்சோதி அம்மிக்கல் அளவுக்கு ஒரு கல்லைக் கொண்டுவந்து ஒரே போடு போட்டார். உள்ளே ஒரு காகிதமும் ஒரு சாவியும் இருந்தன. காகிதம் பழைய சுற்றறிக்கை. 'அலுவலக மேஜைகளைப் பூட்டி வைத்தல் கூடாது' என்று இருந்தது. சாவி அந்த இழுப்பறையின் சாவி.

"ஹலோ! சார்! லைன்ல இருக்கீங்களா?" ஜெஸிந்தா கத்திக்கொண்டிருந்தாள். "அங்க என்ன சத்தம்? எதையும் உடைக்காதீங்க! தெய்வானைன்னு ஒருத்தங்க இருக்காங்களா? அவங்க ஒரு மாட்டோட பதிவைப் பதினோரு நாளா திறந்தே வச்சிருக்காங்க. அதுதான் எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அதை சேவ் பண்ணி மூடச் சொல்லுங்க. அவ்வளவுதான் வேலை."

எல்லோரும் தெய்வானையைப் பார்த்தார்கள்.

"ரங்கநாயகி அக்கா வூட்டுச் செவலைப் பசுங்க" என்றாள் தெய்வானை, குற்றவாளிக் குரலில் இல்லை, சாட்சிக் குரலில். "கன்று ஈன்றதா, ஆம், இல்லைன்னு கேட்டுதுங்க. அக்காவுக்குப் போன் போட்டேன். இப்பவோ அப்பவோன்னு சொன்னாங்க. பதில் தெரியாம எப்பிடி மூடறது? பயிற்சியில சொன்னாங்களே, திறந்த பதிவை முடிக்காம மூடக் கூடாதுன்னு. அதனால திறந்தே வச்சு, பக்கத்து கம்ப்யூட்டர்ல வேலை பாத்துட்டிருக்கேன்."

"ஏதாவது ஒண்ணை அழுத்துங்க மேடம்! ஆமோ, இல்லையோ!" என்றது போன்.

குழந்தைவேலு போனை வைத்துவிட்டார். சின்னப் பெண், சென்னைக்காரி, அவளுக்குத் தெரியாது. "சர்க்கார் பதிவுல 'ஏதாவது ஒண்ணை' அமுத்தலாமா?" என்று சபையைக் கேட்டார்.

"இல்லைன்னு அமுத்தி, அமுத்தற நேரத்துல அது கன்னு போட்டுருச்சுன்னா?" என்றார் செங்கோடன்.

"ஆமான்னு அமுத்தி, போடலேன்னா கன்னுக்கு எங்க போறது?" என்றார் பரஞ்சோதி.

நேரில் போவது என்று தீர்மானமானது. அப்போது மணி பன்னிரண்டே முக்கால்.

ரங்கநாயகி வீடு இரண்டு தெரு தள்ளி. வீட்டில் ஆள் இல்லை, காட்டுக்குப் போயிருந்தாள். கொட்டகையில் செவலைப் பசு நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. நாலு பேரும் அதைச் சுற்றி நின்றார்கள். பசுவும் அவர்களைப் பார்த்தது. அவர்களைவிடப் பசுவின் முகத்தில் தெளிவு கூடுதலாக இருந்தது.

"வயிறு பெருசாத்தான் தெரியுது. இன்னும் போடலை" என்றார் செங்கோடன். அவர் சட்டையின் பின்பக்கத்தை யாரோ இழுத்தார்கள். "சும்மா இரு பரஞ்சோதி."

"நான் இங்க இருக்கறேனுங்க" என்றார் எதிர்ப்பக்கத்தில் நின்ற பரஞ்சோதி.

ஒரு மணி நேரம் போனது. குழந்தைவேலு பசுவின் நெற்றியைத் தடவிக் கொடுத்தார். "தாயி, உன்னை அவசரப்படுத்தக் கூடாது. ஆனா ஊரு மாடு பூராவும் உன்னை நம்பித்தான் இருக்குது" என்று காதோரம் சொன்னார்.

ரெண்டு மணிக்கு ரங்கநாயகி புல்லுக்கட்டோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கட்டைக் கீழே போட்டாள்.

"ஏனுங்க, அது கன்னு போட்டு பத்து நாளாச்சே! அங்க பாருங்க, செங்கோடன் அண்ணன் சட்டையப் பாதி தின்னுட்டு நிக்குதே, அது என்னன்னு நினைச்சீங்க?"

செங்கோடன் திரும்பிப் பார்த்தார். வெள்ளைச் சுட்டி வைத்த ஒரு காளைக்கன்று, வாயில் அவர் சட்டைத் துண்டோடு அவரைப் பார்த்தது.

"இது அக்கம்பக்கத்துக் கன்னுன்னு இருந்துட்டேன்" என்றார்.

ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார்கள். தெய்வானை 'ஆம்' என்று அழுத்தி, சேமித்து, மூடினாள். சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்றது. கண் மூடித் திறப்பதற்குள் அறிக்கை வந்து நின்றது. ஊசி போடாத மாடுகள்: ஏழாயிரத்து இருநூற்றுப் பதினாலு. குழந்தைவேலு மூக்கைச் சிந்தினார். இந்தத் தடவையும் சளி என்றுதான் சொன்னார்.

மணி ரெண்டு நாற்பது. மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டார். அங்கே மேலாளர் அவசரத்தில் இருந்தார்.

"வந்துருச்சா? நல்லது. ரிப்போர்ட்டோட ஒரு போட்டோ எடுத்து உடனே அனுப்புங்க."

ரிப்போர்ட்டோடு போட்டோ! இத்தனை பாடுபட்டதற்கு மேலிடம் இப்படி ஒரு மரியாதை செய்யும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தெய்வானை தலை வாரிக்கொண்டாள். செங்கோடன் சட்டை கிழிந்த பக்கம் தெரியாமல் நேர்முகமாக நின்றார். எதிர்க் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கையில் போனைக் கொடுத்து, நாலு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் தோளோடு தோள் சேர நின்றார்கள். படம் அருமையாக விழுந்தது. அறிக்கை குழந்தைவேலுவின் வயிற்றுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

படம் போன அரை நிமிஷத்தில் போன் வந்தது.

"யோவ், என்னய்யா இது கல்யாண போட்டோ! கூட்டம் ஆரம்பிச்சாச்சு. போட்டோவும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். உங்க நம்பரை மட்டும் சொல்லுங்க, எழுதிக்கிறேன்!"

என் நம்பருக்கே கூப்பிட்டு என் நம்பரைக் கேட்கிறாரே என்று குழந்தைவேலுவுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் மேலதிகாரி கேட்டால் சொல்லத்தான் வேண்டும். நிறுத்தி, நிதானமாக, தன் செல்போனின் பத்து எண்ணையும் சொன்னார். மேலாளர் எழுதிக்கொண்டார். கூட்டத்தில் படித்தார். எல்லோருக்கும் அன்றைக்கு ஊருக்குப் போகிற அவசரம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை மாடு உள்ள வட்டத்துக்கே முதல் மருந்து என்று முடிவானது.

மூன்றாம் நாள் ஜீப்பில் எட்டாயிரம் ஊசி மருந்து வந்து இறங்கியது. ஒரே வாரத்தில் ஆவரங்குறிச்சி வட்டத்தில் ஒரு மாடு விடாமல், அந்தக் காளைக்கன்று போன்ற பொடிசுகள் தவிர, எல்லாவற்றுக்கும் போட்டு முடித்தார்கள். கோமாரி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மருந்தோடு ஒரு உத்தரவும் வந்திருந்தது. வேலையெல்லாம் முடிந்த பிறகு குழந்தைவேலு அதை உரக்கப் படித்தார்.

"தங்கள் வட்டத்தில் உள்ள தொள்ளாயிரத்து நாற்பத்து நாலு கோடியே சொச்சம் மாடுகளில், முதற்கட்டமாக எட்டாயிரத்துக்கு மட்டும் மருந்து அனுப்பப்படுகிறது. மீதமுள்ள மாடுகள் பொறுத்திருக்குமாறு தெரிவிக்கப்பட வேண்டும்."

"நம்ம வட்டத்துல இத்தனை மாடு இருக்குதுன்னு நமக்கே தெரியாமப் போச்சே" என்றார் செங்கோடன்.

"எங்க இருக்குதோ பாவம். அதுக கிட்ட எப்பிடித் தெரிவிக்கறது?" என்றார் பரஞ்சோதி.

ரொம்ப நேரம் யோசித்து, கொட்டை எழுத்தில் நோட்டீஸ் அடித்தார்கள். 'மீதமுள்ள மாடுகள் பொறுத்திருக்கவும்.' சந்தை வாசல், தண்ணீர்த் தொட்டி, மேய்ச்சல் காட்டுப் புளியமரம் என்று முப்பது இடத்தில் ஒட்டினார்கள்.

ரெண்டு நாள் கழித்து முப்பதையும் கிழித்து, ஒரு முழம் கீழே இறக்கி ஒட்ட வேண்டியதாயிற்று. மாட்டின் கண் அத்தனை உயரத்துக்கு எட்டாது என்பதைத் தெய்வானைதான் கவனித்தாள்.