கழுதை நின்ற ஏழு விநாடி

விருது அறிவித்து ஒன்பது நாளாகியும் பூவராகனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆண்டின் சிறந்த அனிமேஷன் படத்தின் இயக்குநருக்கான விருது. நாளை மாலை மேடையேறி வாங்க வேண்டும், ஒரு நிமிடம் பேச வேண்டும். ஊரே பாராட்டுகிற மனிதன் சந்தோஷமாக இருக்க வேண்டாமா? அவரோ காலையில் இரண்டு முறை பல் தேய்த்தார். போட்டு வைத்த டீயைக் குடிக்காமல் ஆட்டோ பிடித்து, சாலிகிராமத்தில் ஹெலன் மாஸ்டர் வீட்டு மாடியேறினார்.

ஹெலன் அவரைவிட இரண்டு வயது இளையவர். ஆனால் வரைந்த உருவத்தை நடக்க வைப்பது எப்படி என்று முதல் வேலையில் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர். அன்றிலிருந்து அவருக்கு மாஸ்டர்தான். மாஸ்டர் இதுவரை முழுநீளப் படம் எதுவும் இயக்கியதில்லை. இன்றைக்கு ஒரு கொசுவத்தி விளம்பரத்துக்காகக் கொசு மயங்கி விழுவதை வரைந்துகொண்டிருந்தார்.

“உக்காருங்க.”

உட்கார்ந்தார். எழுந்தார். ஜன்னல் வரை போய்விட்டு வந்தார். போனில் இன்னொரு வாழ்த்து வந்தது. படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“வாழ்த்து வந்தா இப்படியா மூஞ்சிய வச்சுக்குவாங்க?”

“எல்லாரும் அந்த ஒரு ஷாட்டையே சொல்றாங்க மாஸ்டர். நடுவர்களும் அதைத்தான் எழுதியிருக்காங்க.”

படம் துணி வெளுக்கும் ஒருவரின் கழுதையைப் பற்றியது. வேறு வழியில்லாமல் அவர் அதைச் சந்தையில் விற்றுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறார். கழுதை அவர் போன பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஏழு விநாடி. வால்கூட ஆடாது. ‘ஏழு விநாடி எதையும் அசைக்காமல் நிறுத்திய இயக்குநரின் துணிச்சலுக்காக’ என்று விருதுக் குறிப்பில் எழுதியிருந்தார்கள்.

“நல்ல ஷாட்டாச்சே,” என்றார் ஹெலன்.

“நான் வேணாம்னு சொன்ன ஷாட்.”

ஹெலன் பென்சிலைக் கீழே வைத்தார்.

பூவராகன் கொட்டித் தீர்த்தார். ஏழு விநாடி வைத்தது அவருடைய உதவி இயக்குநர் செவ்வந்தி. இரண்டு விநாடி போதும், குறை என்று அவர் சொல்லியிருக்கிறார். “கழுதைக்குப் புரியறதுக்கே அவ்வளவு நேரம் ஆகும் சார்,” என்றிருக்கிறாள் அவள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நாலு பேர் முன்னால் அவளையே கேட்டுவிட்டார். நீ படம் எடுக்கிறியா, போட்டோ ஒட்டுறியா என்றும் கேட்டார். அவள் மசியவில்லை. நாளையிலிருந்து வராதே என்றார். அவளும் வரவில்லை.

அப்புறம் படத்தைக் கொடுக்க வேண்டிய அவசரம். மாற்ற வேண்டிய ஷாட்டுகளில் இது மட்டும் விட்டுப்போயிற்று. தியேட்டரில் முதல் காட்சியில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் அவருக்கே தெரிந்தது. குப்பென்று வியர்த்தது. யாரைத் திட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் ஒருவர் அழுது மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

“அவகிட்ட பேசினீங்களா?”

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசறது?”

“மேடைப் பேச்சு எழுதியாச்சா?”

சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். ஹெலன் மேஜை இழுப்பறையிலிருந்து ஸ்டாப்வாட்சை எடுத்தார். கொசு விழ எத்தனை நேரம் என்று பார்க்கிற அதே வாட்ச்.

“படிங்க.”

படித்தார். தயாரிப்பாளர், இசையமைப்பாளர், வண்ணம் பூசியவர்கள், அம்மா, ஸ்டுடியோவுக்கு டீ கொண்டுவரும் பாய் வரை எல்லோருக்கும் நன்றி இருந்தது.

“அம்பத்தெட்டு விநாடி. அந்தப் பொண்ணு பேரக் காணோமே?”

“நேரம் பத்தல மாஸ்டர்.”

“ரெண்டு விநாடி மிச்சம் இருக்கு.”

பூவராகனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “படம் என்னோடதுதானே மாஸ்டர்? அந்த ஷாட்ல ஜனங்க கொட்டாவி விட்டிருந்தா யாரத் திட்டியிருப்பாங்க? அவளையா? திட்டு டைரக்டருக்குன்னா மாலையும் டைரக்டருக்குத்தானே?”

“நியாயந்தான்.”

இந்த வார்த்தையைக் கேட்கத்தான் ஆட்டோ பிடித்து வந்தார். கேட்ட பிறகு நிம்மதி வந்திருக்க வேண்டும். அவரோ மறுபடி ஜன்னல் வரை போய் வந்தார்.

“நில்லுங்க,” என்றார் ஹெலன். “இப்ப நான் பத்திரிகைக்காரி. கேள்வி கேக்கறேன், பதில் சொல்லுங்க. சார், அந்த ஏழு விநாடி உங்களுக்கு எப்படித் தோணுச்சு?”

வாட்சை அமுக்கினார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் கொஞ்சம் சோறாவது வேண்டும், பூவராகனிடம் ஒரு பருக்கைகூட இல்லை. செவ்வந்தி தன் பென்சில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட்டதுதான் கண்ணுக்குள் வந்தது. அன்று அவள் அழவில்லை. அழுதிருந்தால் மறுநாள் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லியிருப்பார். வெட்கமாக இருந்தது அவருக்கு.

ஹெலன் வாட்சை அவர் பக்கம் திருப்பினார். முப்பத்தொன்றைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

“உள்ளதச் சொன்னா சிரிப்பாங்க மாஸ்டர்.”

“சிரிப்பாங்க.”

“அப்ப இந்த ஆளுக்கு எதுக்கு விருதுன்னு கேப்பாங்க.”

“கேக்கத்தான் செய்வாங்க.”

“அடுத்த படம் எவன் குடுப்பான்?”

“குடுக்காமலும் போகலாம்.”

ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தார். கடைசியில், கேட்கத் தயங்கியதை மெதுவாகக் கேட்டார்.

“சொல்லாம விட்டுட்டா?”

ஹெலன் பென்சிலைச் சீவிக்கொண்டு கொசுவிடம் திரும்பினார்.

“ஒண்ணும் ஆகாது. நீங்க சாகற வரைக்கும், பாக்கறவங்க எல்லாம் அந்த ஷாட்டை உங்ககிட்ட பாராட்டிக்கிட்டே இருப்பாங்க.”