பூவரச மரத்துக்கு யார் போவது?

ஒரு கேள்வி கேட்கிறேன். ஒரே அடையில் பொரித்த இரண்டு குஞ்சுகள். இரண்டுக்கும் வயது மூன்று மாதம். ஒன்று நெட்டை; கால் தடிமன், தொண்டை பெரிது, சண்டை என்றால் முதலில் வந்து நிற்கும். மற்றது குட்டை; கால் குச்சி, சத்தமே வராது, எதற்கெடுத்தாலும் அம்மாவின் பின்னால் ஒளியும். இரண்டில் எது சேவல், எது பெட்டை?

உடனே சொல்லிவிடாதீர்கள். மயிலைக்கோழி உடனே சொல்லித்தான் மாட்டிக்கொண்டாள்.

மயிலைக்கோழி ஒரு தென்னந்தோப்பில் இருந்தாள். சின்ன உடம்புக்காரி, விருட்டென்று பறந்து மரம் ஏறுவாள். ஐந்து முட்டைகளை அடைகாத்தாள். அவற்றில் நான்கு அவளுடையவை. ஐந்தாவதைத் தோப்புக்காரம்மா தன் அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்து சேர்த்து வைத்தாள். பொரித்த பிறகு எது எந்த முட்டை என்று மயிலை யோசிக்கவே இல்லை. சிறகுக்குள் வந்ததெல்லாம் அவள் குஞ்சுதான்.

நெட்டைக் குஞ்சுக்கு ‘நெட்டைக்கால்’ என்று பெயர் வைத்தாள். குட்டைக் குஞ்சு ‘குறுணி’. மற்ற மூன்றும் பெட்டைகள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

பொழுது சாய்ந்தால் ஆறும் ஒன்றாகக் கூடும். தோப்புக்காரம்மா மூங்கில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடுவாள். குஞ்சுகள் வளர வளர அதற்குள் இடம் போதவில்லை. ஒன்று திரும்பிப் படுத்தால் ஐந்தும் எழுந்துகொள்ள வேண்டியிருந்தது.

“அம்மா! குறுணி என் முதுகில் நிற்கிறது!” என்றது நெட்டைக்கால்.

“வேறு எங்கே நிற்பதாம்?” என்றது குறுணி.

தோப்புக் கோழிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் குஞ்சு சேவல் என்று தெரிகிறதோ, அது அன்றே பஞ்சாரத்தை விட்டு வெளியேறிப் பூவரச மரத்தில் படுக்க வேண்டும். ஆனால் எது சேவல்?

ஒரு நாள் பிற்பகல் வேலிக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“என்ன மயிலையக்கா, முகம் வாடியிருக்கிறது?”

மரநாய்! மயிலை சிறகை விரித்துக் குஞ்சுகளை மறைத்தாள்.

“பயப்படாதீர்கள்! நான் இப்போது பப்பாளிப் பழம் மட்டும்தான் சாப்பிடுகிறேன். ஆனால் எத்தனை கோழிகளை மிகவும் கிட்டத்தில் பார்த்தவன் நான்! கால் தடித்திருந்தால் சேவல். எதிர்த்துப் பேசினால் சேவல். உங்கள் நெட்டைக்கால் சேவலேதான்! இதில் என்ன யோசனை?”

மயிலை நெட்டைக்காலைப் பார்த்தாள். கால் தடிமன்தான். வாயும் பெரிதுதான்.

“நெட்டைக்கால், இன்றிலிருந்து உனக்குப் பூவரச மரம்!” என்றாள்.

நெட்டைக்காலுக்குத் தலை கால் புரியவில்லை. “கேட்டீர்களா? நான் சேவல்!” என்று கழுத்தை நீட்டிக் கூவப் பார்த்தது. ‘கெக்’ என்று ஒரு சத்தம்தான் வந்தது. குறுணி சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டது.

வெயில் இறங்குவதற்குள் மரம் ஏறிப் பழகலாம் என்று நெட்டைக்கால் கிளம்பியது. ஒருமுறை எம்பியது; விழுந்தது. இரண்டாம் முறையும் விழுந்தது. மூன்றாம் முறை எப்படியோ அடிக்கிளையைப் பிடித்தது. அதற்கு மேல் உடம்பு எழும்பவில்லை.

மூச்சு வாங்க உட்கார்ந்தபோதுதான் மரத்தூரைக் கவனித்தது. பட்டையில் நகக் கீறல்கள். புதிய கீறல்கள். கீழிருந்து ஏறி, அது உட்கார்ந்திருந்த கிளை வரைக்கும் வந்திருந்தன.

நெட்டைக்கால் கிளையை இறுகப் பிடித்துக்கொண்டது. கீழே குனிந்து பார்த்தது. அம்மாவும் குஞ்சுகளும் குருணை கொத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களை மேலிருந்து பார்ப்பது அதற்கு இதுவே முதல் தடவை. எல்லோருடைய முதுகும் தெரிந்தது. வாலுக்கு முன்னால், அம்மாவின் இறகுகள் நுனி உருண்டு இருந்தன. மூன்று பெட்டைகளுக்கும் அப்படியே. குறுணிக்கு மட்டும் அந்த இடத்தில் நாலைந்து இறகுகள் ஒல்லியாக, ஊசி முனையோடு, பளபளவென்று முளைத்திருந்தன. தோப்பின் பெரிய சேவலுக்கு இருப்பதைப் போலவே!

நெட்டைக்கால் மெல்லத் திரும்பித் தன் முதுகைப் பார்த்தது. உருண்டை நுனி.

“அம்மா!” என்று கத்தியது. “நான் பெட்டை! குறுணியின் முதுகைப் பார்!”

மயிலை பார்த்தாள். குறுணி வைக்கோலுக்குள் நுழையப் போனது.

“நில். உனக்கு முன்பே தெரியுமா?”

“தெரியும்,” என்றது குறுணி. “போன வாரம் வைக்கோல் போருக்குப் பின்னால் எனக்குப் பாதிக் கூவல் வந்துவிட்டது. மரம் என்றால் எனக்குப் பயம். அதனால் சொல்லவில்லை.”

“இறகாவது, மண்ணாங்கட்டியாவது!” என்று மரநாய் வேலியோரம் குதித்தது. “காலைப் பாருங்கள், அக்கா! அடிக்கிளையில் அந்தப் பிள்ளை எவ்வளவு அம்சமாக உட்கார்ந்திருக்கிறது!”

மயிலை கழுத்தைச் சாய்த்து மரநாயைப் பார்த்தாள். “அடிக்கிளையில் இருப்பது உமக்கு ஏன் அவ்வளவு பிடித்திருக்கிறது, மரநாயாரே?”

“பட்டையில் இருப்பது யாருடைய நகம்?” என்று மேலிருந்து கேட்டது நெட்டைக்கால். “பப்பாளி இந்த மரத்திலா காய்க்கிறது?”

மரநாய் வாலைச் சுருட்டிக்கொண்டது. வேலியோரமாக நடந்து போய்விட்டது.

நெட்டைக்கால் தொப்பென்று கீழே குதித்தது. அந்தக் கனத்தைப் பார்த்த பிறகுதான் மயிலைக்கு ஐந்தாவது முட்டையின் நினைவு வந்தது. அது பெரிய உடம்புக்கார இனமான பெருவிடையின் முட்டை. அந்த இனத்தில் பெட்டைக்கும் கால் தடித்துத்தான் இருக்கும். உயரப் பறக்க வராது.

“உன்னை அந்த மரத்துக்கு அனுப்பினேனே!” என்றாள்.

“உச்சிக்கிளை மெலிசாக இருக்கிறது, குறுணி,” என்றது நெட்டைக்கால். “உன்னைத் தாங்கும். மரநாயைத் தாங்காது.”

மயிலை குறுணியிடம் சொன்னாள்: “பயமாக இருந்தால் இன்னும் பத்து நாள் பஞ்சாரத்தில் இரு. நெருக்கிப் படுத்துக்கொள்ளலாம். நீயே சொல்.”

காலையும் குரலையும் பார்த்து அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொன்னால், தவறான ஆளைத் தவறான கிளைக்கு அனுப்பிவிடுவோம். ஒருவர் யார் என்று தெரிய, அவருக்கு இறகு முளைக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

அன்று பொழுது சாய்ந்ததும் குறுணி உச்சிக்கிளைக்குப் போனது.