மாணிக்கத்தாள் வாசலில் பட்டத்து யானை

முன்னொரு காலத்தில் நடந்தது என்றால், நானும் அங்கே இருந்தேன் என்று எவர் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. ஆகவே அந்த வழக்கு அரசவைக்கு வந்த அன்று அங்கே இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்காசனத்தில் அரசர் நெடுங்கோ. அவருக்கு வலப்பக்கம் பிரதானி திருமேனியார். இடப்பக்கம் அரசவை விகடர் மருதவாணர். எதிரே வழக்காட வந்த இருவர்: எண்ணெய் வணிகர் சடையப்பர், நெசவுக்காரி மாணிக்கத்தாள். ஓரமாக, விரல்களில் வண்ணம் காயாமல் நின்ற ஓவியர் கோலப்பர். வாயிற்காவலர் இருவரையும் சேர்த்தால் எட்டுப் பேர். ஒன்பதாவது ஆள் கிடையாது.

மருதவாணர் எங்கள் குடும்பத்தின் முன்னவர். அரசர் முன்னிலையில் தலைப்பாகை கழற்றாமல் உட்காரும் உரிமை அவருக்கு உண்டு. அவருடைய பாட்டனாருக்கு அரசரின் பாட்டனார் கொடுத்தது அது, கேட்டு வாங்கியதல்ல. அந்த அவையில் தலைப்பாகையோடு இருந்த இன்னொருவர் பிரதானி. அவருக்கு அது பதவியால் வந்தது. பதவியால் பெற்றவருக்குப் பரம்பரையாய்ப் பெற்றவரைக் கண்டால் ஆகாது. எந்த நாட்டிலும் அப்படித்தான்.

வழக்கு இது. அந்த வருஷம் அரசருக்கு ஓர் ஆசை வந்திருந்தது. தேரோடும் தெருவில் ஒரு சுவரும் வெறுமையாக இருக்கக் கூடாது, அரச ஊர்வலம் முழுவதையும் வீட்டுக்கு வீடு சுவரில் எழுத வேண்டும், ஒவ்வொரு சித்திரத்திலும் அரச முத்திரை பதிய வேண்டும் என்று கட்டளையிட்டார். ஒரு வீட்டுக்குக் கொடி வந்தது. ஒரு வீட்டுக்கு முரசு வந்தது. தெருமுனையில் இருந்த சடையப்பர் வீட்டுக்குப் பட்டத்து யானை வந்தது.

கோலப்பர் மனச்சாட்சியுள்ள ஓவியர். கொட்டிலுக்குப் போய், பட்டத்து யானையைத் துதிக்கை முதல் வால் வரை கயிற்றால் அளந்து வந்தார். அதே அளவில், தலையிலிருந்து எழுத ஆரம்பித்தார். சுவரை அளக்க மறந்துவிட்டார். முன்கால்களும் பாதி வயிறும் எழுதி முடிப்பதற்குள் சுவர் முடிந்துபோயிற்று. யானையைச் சுருக்க அவருக்கு மனம் வரவில்லை. முனையைத் திருப்பிப் பக்கத்துச் சந்துச் சுவரில் மீதியை எழுதினார். தேரோடும் தெருவில் போகிறவர்களுக்கு முகபடாம் பூண்ட கம்பீரமான முகம் தெரிந்தது. சந்துக்குள் இருந்த ஒரே வாசலுக்கு மற்றது தெரிந்தது. அந்த வாசல் மாணிக்கத்தாளுடையது.

அவள் சுண்ணாம்பைக் கரைத்துச் சுவரில் வீசினாள். சடையப்பர் கழுவி மறுபடி எழுதச் செய்தார். அவள் மறுபடி வீசினாள். மூன்றாம் முறை தெருவே இரண்டாகப் பிரிந்துவிட்டது. யானைக் கட்சிக்காரர் வீட்டுத் தயிரைச் சுண்ணாம்புக் கட்சிக்காரர் வாங்குவதில்லை என்ற அளவுக்கு வந்தபோது காவலர்கள் இருவரையும் அரசவைக்குக் கூட்டி வந்தார்கள்.

"சுவர் என்னுடையது மகாராஜா," என்றார் சடையப்பர். "என் சுவரில் என்ன இருக்க வேண்டும் என்று எதிர்வீட்டு அம்மாள் எப்படிச் சொல்லலாம்?"

"சுவரு அவருதுதான்," என்றாள் மாணிக்கத்தாள். "ஆனா அந்தச் சுவரை அவரு என்னைக்காச்சும் பார்த்திருக்காரா? அவரு உள்ளே உட்கார்ந்து எண்ணெய் அளக்கறாரு. கதவைத் திறந்தா பார்க்கறவ நான். மூஞ்சியைத் தெருவுக்குக் காட்டிட்டு எனக்கு என்னத்தைக் காட்டறாருன்னு நீங்களே வந்து பாருங்க மகாராஜா."

"மங்கலமான யானை," என்றார் சடையப்பர்.

"மங்கலமா? போன மாசம் என் மகளைப் பெண் பார்க்க வந்தாங்க. நல்ல சகுனம் பார்த்து வாசல்ல நின்னு திரும்பினாங்க. திரும்பினவங்க உள்ளே வரவே இல்ல. வாசலைத் திறந்தா இதுதான் தெரியும்னா இந்த வீட்டுச் சம்பந்தமே வேண்டாம்னு அப்படியே நடந்துட்டாங்க. அந்தப் பையனுக்கு என் பெண்ணைப் பிடிச்சிருந்தது. யானையைத்தான் பிடிக்கல."

அரசர் சிரிக்கவில்லை. ஒரு பெண்ணின் கலியாணம் நின்றுபோயிருந்தது. அழித்துவிடலாமா என்று பிரதானியைப் பார்த்தார்.

திருமேனியார் எழுந்தார். "அழிப்பதா? மகாராஜா, அரச முத்திரை பதிந்த யானை சித்திரமானாலும் பட்டத்து யானையே. அதன்மேல் சுண்ணாம்பு வீசியவள் பட்டத்து யானைமேல் வீசியவள். முறைப்படி அவளை நாடு கடத்த வேண்டும்."

மாணிக்கத்தாளின் கை முந்தானையை இறுகப் பிடித்தது. அதுவரை பேசாதிருந்த மருதவாணர் தலையைத் தூக்கினார்.

"பிரதானியார் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. சித்திர யானை என்றாரா, பட்டத்து யானை என்றாரா?"

"பட்டத்து யானை. எழுதப்பட்டதற்கும் நடமாடுவதற்கும் ஒரே மரியாதை, ஒரே முறை. நூறு தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன்."

"ஒரு தடவை போதும். அரசர் கேட்டுக்கொண்டார் அல்லவா?"

"கேட்டேன். அப்படியே ஆகட்டும்," என்றார் அரசர். ஆகட்டும் என்று அரசர் சொன்னால் அது சட்டம்.

"அப்படியானால் இந்த அம்மாளைத் தண்டிக்கும் முன்பு எனக்கு மூன்று நாள் கொடுங்கள் மகாராஜா. சண்டையைத் தீர்த்து வைக்கிறேன்."

திருமேனியார் காத்திருந்தது இதற்குத்தான். "தீர்க்கட்டும். ஆனால் அந்தச் சுவரில் ஒரு கோடு அழியக் கூடாது. ஒரு சொட்டு வண்ணம் புதிதாகச் சேரக் கூடாது. திரை கட்டக் கூடாது. அம்மாளின் வாசலை இடம் மாற்றக் கூடாது. மூன்றாம் நாள் இந்த அம்மாள் தன் வாயால், இந்தச் சித்திரம் என் எதிரில் இருக்கட்டும் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவள் நாட்டைவிட்டுப் போவாள். விகடர் தெரு நடுவில் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். அதன்பின் அந்தக் குடும்பத்தில் எவரும் தலைப்பாகையோடு இந்த அவைக்கு வரக் கூடாது."

அரசர் மருதவாணரைப் பார்த்தார். "சம்மதமா?"

"சம்மதம்."

வெளியே வந்ததும் மாணிக்கத்தாள் அவரை வழிமறித்தாள். "ஐயா, உங்களை யாரு இதுல வந்து மாட்டிக்கச் சொன்னா? செத்தாலும் அது நல்லாயிருக்குன்னு என் வாயால வராது. எனக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"பொய் சொல்ல வேண்டாம் அம்மா. மூன்றாம் நாள் காலையில் வழக்கம்போல வாசலில் உட்கார்ந்து நூல் இழைத்துக்கொண்டிருங்கள். பக்கத்தில் ஒரு பானை சுண்ணாம்பும் கரைத்து வையுங்கள்."

"சுண்ணாம்பு எதுக்கு?"

"பிரதானியாருக்கு."

முதல் நாள் மருதவாணர் ஒன்றும் செய்யவில்லை. இரண்டாம் நாள் கொட்டிலுக்குப் போய்ப் பாகனோடு வெற்றிலை போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். பிறகு ஊர்வல முறைகள் எழுதிய ஏட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கிப் பார்த்தார். அந்த ஏட்டுக்குப் பொறுப்பாளர் பிரதானிதான். விகடர் ஏடு படிக்கிறார் என்று கேள்விப்பட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தாராம். சந்துக்கும் இரண்டு தடவை போய்வந்தார் மருதவாணர். ஆனால் தேரோடும் தெரு வழியாக ஒரு தடவையும் போகவில்லை. ஊரைச் சுற்றிக்கொண்டு சந்தின் பின்வாய் வழியாகவே போனார். இதைக் கவனித்தவர் எவரும் இல்லை.

மூன்றாம் நாள் காலை. யானைக் கட்சியும் சுண்ணாம்புக் கட்சியும் தெருமுனையில் கூடிவிட்டன. திருமேனியார் சரிகைத் தலைப்பாகையோடு வந்து, எல்லோரும் பார்க்கும்படி, யானை முகத்துக்கு நேர் எதிரில் நின்றுகொண்டார். அரசரின் பல்லக்கை மருதவாணர் சந்தின் பின்வாய் வழியாகவே அழைத்து வந்தார்.

மாணிக்கத்தாள் வாசலில் உட்கார்ந்து நூல் இழைத்துக்கொண்டிருந்தாள். மருதவாணர் கையை உயர்த்தினார். அரண்மனைக் குடைக்காரன் முன்னே வந்து அவள் தலைக்கு மேல் வெண்குடையை விரித்தான். இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று சாமரம் வீசினார்கள். சங்கு முழங்கிற்று.

மாணிக்கத்தாள் இழையை விட்டுவிட்டாள். "என்னங்கய்யா இது? எனக்கு வேர்க்கலையே."

தெருமுனையிலிருந்து திருமேனியார் குரல் கொடுத்தார். "நிறுத்துங்கள். நெசவுக்காரிக்கு வெண்குடையா? இது ராஜத் துரோகம் மகாராஜா."

"பிரதானியாரின் ஏட்டில் இருக்கிறபடிதான் செய்தேன்," என்றார் மருதவாணர். "பட்டத்து யானைக்கு நேர் பின்னால் இருப்பவருக்கு வெண்குடை, இரட்டைச் சாமரம், சங்கு. மூன்றாம் ஏடு, இரண்டாம் வரி. இந்த அம்மாள் யானைக்கு நேர் பின்னால் இருக்கிறார்."

"அது ஊர்வலத்தில். இது வெறும் சித்திரம்."

பல்லக்கிலிருந்து அரசர் மெதுவாக இறங்கினார்.

மருதவாணர் சுண்ணாம்புப் பானையை எடுத்து மாணிக்கத்தாள் கையில் கொடுத்தார். "பிரதானியார் ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும். இது வெறும் சித்திரமென்றால், அம்மா இப்போதே இதை அழித்துவிடுவார்கள். அரசர் முன் நீங்கள் சொன்னது தவறு என்றாகும். இது பட்டத்து யானையென்றால், அதே மூன்றாம் ஏட்டில் அடுத்த வரியும் இருக்கிறது. பட்டத்து யானைக்கு எதிரில் நிற்பவர் எவராயினும், என்ன பதவியில் இருந்தாலும், தலைப்பாகையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். காலையிலிருந்து அதன் முகத்துக்கு நேராகத் தலைப்பாகையோடு நிற்கிறீர்கள். எது என்று சொல்லுங்கள்."

திருமேனியார் மாணிக்கத்தாளின் கையிலிருந்த பானையைப் பார்த்தார். அரசரைப் பார்த்தார். சடையப்பர் ஏற்கெனவே தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டுவிட்டார். தெருவில் ஒவ்வொரு தலையாக வெறுந்தலை ஆயிற்று. கடைசியில் ஒரு தலைதான் மிச்சம்.

"பட்டத்து யானை," என்றார் திருமேனியார், கேட்டும் கேட்காத குரலில்.

அவசரமாகக் கழற்றினார். சரிகைத் தலைப்பாகை நழுவித் தெருப்புழுதியில் விழுந்தது. எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

அரசர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மாணிக்கத்தாள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து, "கொஞ்சம் நகர்ந்துகொள் அம்மா," என்று சொல்லி அவள் பக்கத்தில், குடைக்கு அடியில், வாசல்படியிலேயே உட்கார்ந்தார். எதிரே சுவரைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். முதலில் தோள் குலுங்கிற்று. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மருதவாணரே, எனக்குப் பட்டம் கட்டி இருபத்தாறு வருஷம். வருஷத்துக்கு ஏழு ஊர்வலம். யானையின் முகம் கம்பீரமாக இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லும். நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்." சுவரைக் காட்டினார். "கோலப்பர் பிழையில்லாமல் எழுதியிருக்கிறார். வாலில் அந்த முடிச்சுகூட அப்படியே இருக்கிறது."

மாணிக்கத்தாள் அரசரையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நெசமாவா மகாராஜா? ஊர்வலத்துல உங்களுக்கு இதுதான் தெரியுமா?"

"யானை முகத்தைப் பார்ப்பவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். ஊர்வலம் யாருக்காகப் போகிறதோ, அவருக்கு இதுதான் தெரியும்."

அவள் பானையைக் கீழே வைத்தாள். அதன்மேல் தட்டைப் போட்டு மூடினாள்.

"அப்போ இது என் எதிர்லயே இருக்கட்டும்," என்றாள். பிறகு தெருமுனைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள். "ஐயா சடையப்பரே, இனிமே உங்க சுவத்துல யாராச்சும் கையை வச்சா என்கிட்டச் சொல்லுங்க. நான் பார்த்துக்கறேன்."

சடையப்பர் முகம் மாறிவிட்டது. கடைக்குப் போகும்போதும் வரும்போதும் தன் வீட்டு யானையின் முகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், ஒவ்வொரு தடவையும் துண்டைக் கழற்றிக் கட்ட வேண்டும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அரசர் முன் வந்து கைகூப்பினார். "மகாராஜா, யானையைத் திருப்பி எழுதச் சொல்ல முடியுமா? பின்புறம் தெருப் பக்கம் வரும்படி?"

"ஒரு கோடும் அழியக் கூடாது என்பது பிரதானியார் போட்ட நிபந்தனை," என்றார் கூட்டத்தில் நின்ற கோலப்பர் பணிவாக.

அரசர் இரண்டாம் தடவை சிரித்தார். இந்தத் தடவை இரண்டு கட்சிக்காரர்களும் கூடவே சிரித்தார்கள். அதோடு கட்சி முடிந்தது. அன்று மாலையே தேரோடும் தெருவில் மூன்று வீட்டுக்காரர்கள் கோலப்பரைத் தேடிப் போனார்கள். எதிர்வீட்டுச் சுவரில் ஒரு யானைப் பின்புறம் எழுத முடியுமா என்று கேட்டார்களாம்.

விட்டுப்போன சம்பந்தக்காரர்கள் ஏழாம் நாள் திரும்பி வந்தார்கள். வெண்குடை விரிந்த வாசலில் பெண் எடுக்க அவர்களுக்கு இப்போது தயக்கம் இல்லை. மாணிக்கத்தாள் அவர்களைச் சந்தில் கொஞ்சநேரம் நிற்க வைத்துவிட்டுத்தான் உள்ளே கூப்பிட்டாள். ஏன் என்று எவரும் கேட்கவில்லை.

அரசர் மருதவாணருக்குப் பச்சைப் பட்டு போர்த்தினார். அதோடு, அன்று முதல் ஊர்வலத்தில் பட்டத்து யானைக்குப் பின்னால் அரசருக்குப் பக்கத்தில் நடக்கும் உரிமையையும் எங்கள் குடும்பத்துக்குக் கொடுத்தார். மருதவாணர் கேட்காமல் கொடுத்தது அதுவும்.

அன்று தெருவில் புழுதியில் விழுந்தது விகடர் தலைப்பாகை என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். தவறு. விழுந்தது பிரதானி திருமேனியாருடையது. மருதவாணரின் தலைப்பாகை எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. அதில் புழுதி இல்லை.