மூணு பெஞ்சு, ஒரு வாளி

வந்துட்டீங்களாடா எல்லாரும்? உங்க மூஞ்சியப் பார்த்தா நியாயம் சொல்ல வந்த கூட்டம் மாதிரி இல்ல, பஜ்ஜிக்கு வந்த கூட்டம் மாதிரி இருக்கு. பரவால்ல, தின்னுக்கிட்டே கேளுங்க. கடைசில ஒரு கேள்வி கேட்பேன். "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குப்பா"ன்னு எவன் இழுக்கிறானோ, அவன்தான் இன்னைக்கு எல்லாருக்கும் டீ சொல்லணும்.

கடலோரமா ஒரு ஊர்ல ஒரு சட்டக் கல்லூரி. அதுல கடைசி வருஷம், தமிழ்வழி வகுப்பு. மொத்தமே மூணு பேர்தான்: தவசிக்கனி, பிச்சுமணி, ஜெரோம். மூணு பேரும் ஒரே ஹாஸ்டல் ரூம். அந்தக் காலேஜ்ல ஒரு விதி இருந்துச்சு. மூணு பேருக்குக் கீழ குறைஞ்சா வகுப்பையே மூடிட்டு, மிச்சம் இருக்கிறவனை இங்கிலீஷ் வகுப்புல தள்ளிடுவாங்க. தவசிக்கு அது தூக்குத் தண்டனை. தமிழ்ல கொடுத்தா எந்தத் தீர்ப்பையும் அக்குவேறா ஆணிவேறா பிரிச்சுடுவான். இங்கிலீஷ்ல கொடுத்தா காய்ச்சல் வந்தவன் மாதிரி முழிப்பான்.

ஆகஸ்ட்ல பிச்சுமணி அப்பாவுக்கு வாதம் வந்து கை விழுந்துபோச்சு. குடும்பத்தைப் பார்க்கணும்னு அவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்பினான். போகும்போது ஒண்ணும் சொல்லல. பாயும் தலகாணியும் விரிச்சபடியே கிடந்துச்சு. வகுப்பு மூடிடக் கூடாதுன்னு மிச்ச ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அவன் பேருக்கும் "உள்ளேன்" சொல்லிச் சமாளிச்சாங்க.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஜெரோமும் கிளம்பினான். அவனுக்குப் படிப்பு போரடிச்சுப்போச்சு, அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தவசிதான் பெட்டியைத் தூக்கிட்டு வந்தான். ஜெரோம் ஒரு கையில சுருட்டின பாய், ஒரு கையில வாளி.

"தீபாவளி முடிஞ்சதும் வந்துடுவேன் மாப்ள. அதுவரைக்கும் என் பேரை மட்டும் விட்டுடாத."

"வாளி எதுக்குடா?"

"எங்க வீட்டு வாளி ஓட்டை."

தவசி சிரிச்சுட்டுத் திரும்பி வந்தான்.

மறுநாள் காலைல சாட்சியச் சட்டம். மரகதவல்லி மேடம் வருகைப் பதிவேட்டைத் திறந்து, தலையைத் தூக்காம பேர் கூப்பிட்டாங்க. முதல் பெஞ்சுல உட்கார்ந்து தவசி தன் பேருக்கு "உள்ளேன் மேடம்"னான். நடு பெஞ்சுக்கு ஓடி ஜெரோமுக்கு ஒரு "உள்ளேன்", கொஞ்சம் இழுவையா. ஜன்னலோர பெஞ்சுக்குப் போய் பிச்சுமணிக்கு ஒண்ணு, தொண்டை கட்டின குரல்ல. மேடம் மூணையும் எழுதிக்கிட்டாங்க. தலை நிமிரவே இல்ல.

தினமும் இதே கூத்துதான். போகப்போக அவன் பேரோட நிறுத்தல. நடு பெஞ்சுல உட்கார்ந்து ஜெரோம் குரல்ல சந்தேகம் கேட்பான். ஜன்னலோரம் போய் பிச்சுமணி குரல்ல அதை மறுப்பான். மேடமும் கரும்பலகையைப் பார்த்துக்கிட்டே, "ஜெரோம் கேட்டது நல்ல கேள்வி"ம்பாங்க. அன்னைக்கெல்லாம் மெஸ்ல தனியா உட்கார்ந்து சாப்பிடுறப்பகூட அவனுக்கு ரெண்டு இட்லி அதிகமா இறங்கும். ஹாஸ்டல் ரூம்ல மட்டும் இந்த வித்தை பலிக்கல. அங்க கேள்வி கேட்டா பதில் சொல்ல மேடம் இல்லையே.

ஜனவரில அவனுக்கு மஞ்சக்காமாலை. பதினொரு நாள் படுத்துட்டான். மேடம் அந்தப் பதினொரு நாளும் காலி ரூமுக்கு வந்து, மூணு பேரையும் கூப்பிட்டு, மூணு பேருக்கும் ஆப்சென்ட் போட்டுட்டு, மணி அடிக்கிற வரைக்கும் உட்கார்ந்துட்டுப் போயிருக்காங்க.

மாட்டினது அதுலதான். காலேஜ் முதல்வர் பதிவேட்டைப் புரட்டிட்டு தவசியைக் கூப்பிட்டார்.

"ஏன்யா, மூணு பேருக்கும் சேர்ந்தே காமாலை வந்து, சேர்ந்தே எறங்குச்சா?"

தவசி ஒத்துக்கிட்டான். மேடம்கிட்ட கேட்டதுக்கு, "கூப்பிட்டேன் சார். பதில் வந்தப்ப எழுதினேன், வராதப்ப எழுதல"ன்னு முடிச்சுக்கிட்டாங்க.

முதல்வர் நல்ல மனுஷன். "போனது போகட்டும். திங்கக்கிழமை காலைல மூணு பேரும் என் முன்னாடி நிக்கணும். இனிமே தினமும் வருவோம்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். போட்டா வகுப்பு இருக்கும்."

தவசி ரெண்டு பேருக்கும் போன் போட்டான். பிச்சுமணி லீவு சொல்லிட்டு வந்து நின்னான். இனிமே வரவே முடியாதுன்னு தெரிஞ்சும் "தினமும் வருவேன்"னு கையெழுத்துப் போட்டான். ஜெரோம் வரல. குரல் பதிவு ஒண்ணு அனுப்பினான்: "நிறைவேத்த மாட்டேன்னு தெரிஞ்சே வாக்கு கொடுத்தா அது மோசடி மாப்ள. முதல் வருஷம் ஒப்பந்தச் சட்டத்துலயே படிச்சோம்ல. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கையெழுத்து ரெண்டுதான். வகுப்பை மூடிட்டாங்க. பிச்சுமணி மத்தியானமே பஸ் ஏறிட்டான்.

மறுநாள் தவசி எண்பது பேருக்கு நடுவுல உட்கார்ந்தான். பேர் வந்ததும் "உள்ளேன் மேடம்"னான். எல்லாரும் சிரிச்சாங்க, அங்க "எஸ்"னுதான் சொல்லணுமாம். சிரிப்பு அடங்கினதும் அவன் பழக்க தோஷத்துல அடுத்த பெஞ்சுக்குப் போக எந்திரிச்சான். அப்புறம் உட்கார்ந்துட்டான்.

இப்ப சொல்லுங்கடா. தலை நிமிராத மேடம், பொய்க் கையெழுத்துப் போட்ட பிச்சுமணி, உண்மையைச் சொல்லி ஒதுங்கின ஜெரோம். இந்த மூணு பேர்ல யார் செஞ்சது சரி?

ஜெரோம்னு சொல்றவனுக்குச் சட்டத்துல நூத்துக்கு நூறு. ஆனா வாளியை மறந்துட்டீங்க. தீபாவளிக்குப் போய்ட்டு வர்றவன் எவன்டா வாளியைத் தூக்கிட்டுப் போறான்? நிறைவேத்த மாட்டேன்னு தெரிஞ்சே கொடுத்த முதல் வாக்கு பஸ் ஸ்டாண்டுல கொடுத்தது. அதை நம்பித்தான் ஒருத்தன் மூணு பெஞ்சுக்கும் ஓடினான். மேடம் செஞ்சது பாதி சரி, தெரிஞ்சே காப்பாத்தினாங்க, கேட்டப்ப நழுவிட்டாங்க. பிச்சுமணி எழுதினது பொய்தான், ஆனா கூப்பிட்டப்ப வந்து நின்னவன் அவன் ஒருத்தன்தான். என் ஓட்டு அவனுக்கு.

ஜெரோம் யாருன்னு கேட்கிறீங்களா? நான்தான். எங்க வீட்டு வாளி ஓட்டை இல்ல.

டீயை நானே சொல்றேன்.