எல்லாருக்கும் ஒரே பெயர்

ஆஸ்பத்திரி முழுக்க வைஃபை விழுந்தது. மூன்று மாடியிலும், ஒரே நேரத்தில்.

விழ வைத்தவர் தங்கையா. அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

பார்வையாளர்களுக்கான பாஸ்வேர்டை மாற்றப் போனவர் ஒரு வரி தவறி வார்டுக்கானதை மாற்றிவிட்டார். முன்பென்றால் ஒரு பெட்டியோடு போயிருக்கும். இப்போது கூரையில் தொங்கும் வைஃபை பெட்டிகள் அத்தனைக்கும் தலையாக ஒரு கன்ட்ரோலர் வைத்தாகிவிட்டது. அதில் சொன்னால் எல்லாப் பெட்டியும் கேட்கும். தப்பாகச் சொன்னாலும் கேட்கும்.

நாடித்துடிப்பு காட்டும் திரைகள் நர்சுகளின் மேஜையில் இருண்டன. நர்சுகள் கட்டிலுக்குக் கட்டில் ஓடினார்கள்.

தங்கையா பதறிப்போய்ப் பழைய பாஸ்வேர்டைத் திரும்பப் போட்டார். வந்தது. மறுபடி விழுந்தது.

காரணம் சுடலைமணி. தங்கையாவோடு வேலை பார்ப்பவன். புதிய பாஸ்வேர்டைக் கண்டதும், மேலிருந்து வந்த உத்தரவாக்கும் என்று கீழ்த்தளத்துக் கருவிகளில் அதை ஏற்றிக்கொண்டிருந்தான். பழையது வந்ததும் அவை அறுந்தன. யாரோ கெடுக்கிறார்கள் என்று புதியதையே மறுபடி போட்டான். இவர் போட, அவன் மாற்ற. இருவரும் உள்ளே போனது அட்மின் என்ற ஒரே பெயரில். கன்ட்ரோலருக்கு இருவரும் ஒரே ஆள்.

பிரிசில்லா டீச்சருக்கு ஆள் போனது. வயரிங் வேலை பார்த்த தங்கையாவுக்கு நெட்வொர்க் கற்றுக்கொடுத்தவர். வயதில் அவருக்கு இளையவர். பேச்சு குறைவு.

அவர் வந்தபோது சுடலைமணியை முன்னால் நிறுத்தி மேனேஜர் பிச்சையா கொதித்துக்கொண்டிருந்தார். "சுடலைமணி கீழ உக்காந்து தட்டிக்கிட்டே இருந்தான். என் கண்ணால பாத்தேன். இன்னையோட அனுப்பிருதேன்."

டீச்சர் திரையைப் பார்த்தார். "யாரு மாத்துனது?"

"அட்மின்" என்றார் தங்கையா.

"அவரை வரச் சொல்லுங்க. பேசணும்."

யாரும் நகரவில்லை.

"லீவுல போயிருக்காரோ?"

சுடலைமணிக்குச் சிரிப்பு வந்தது. மேனேஜர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.

தங்கையா பேச்சை மாற்றினார். "டீச்சர், வெளியாளு உள்ள வராம இதை எப்படிப் பூட்டுறது? பாஸ்வேர்டை நீளமாப் போட்டுருவமா?"

டீச்சர் கீபோர்டை இழுத்துக்கொண்டார். கன்ட்ரோலரில் தங்கையா என்று ஒரு பெயரை உண்டாக்கினார்.

"உங்க பாஸ்வேர்டை அடிங்க. எனக்குக் காட்டாதீங்க."

அடித்தார். டீச்சர் அட்மினை முடக்கினார். எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்க அண்ணாச்சி. பழையதைப் போடுங்க."

"நீங்களே போட்டுருங்களேன்."

"உக்காருங்க."

உட்கார்ந்தார். விரல் இறங்கவில்லை. "விழுந்துட்டா?"

"விழுந்துட்டா உங்க பேருதான் நிக்கும்."

"சுடலைமணி?"

"அவருக்குத் தனிப் பேரு போடணும். அவரு இங்க இருந்தா."

தங்கையா நாற்காலியோடு மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"சார், காலையில முதல்ல மாத்துனது நான். வரி தப்பிட்டேன். இவன் மேல ஒண்ணுமில்ல."

"இவ்வளவு நேரம் வாயில என்னத்த வச்சிருந்தீரு?"

"பயந்துட்டேன் சார்."

தங்கையா திரைப் பக்கம் திரும்பினார். வார்டுகளுக்குப் போன் போட்டார். ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் ஆள் நிற்கட்டும் என்றார். பழையதைப் போட்டார். மேல்மாடித் திரைகள் ஒளிர்ந்தன. கீழ்த்தளக் கருவிகளில் சுடலைமணி ஏற்றியிருந்ததை இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினார்கள். வந்த டீ ஆறி ஆடை கட்டியது.

பிறகு சுடலைமணிக்கு ஒரு பெயர். டாக்டர்களுக்கு, நர்சுகளுக்கு, ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. வரிசை வாசல்வரை நின்றது.

"எல்லாருக்கும் ஒண்ணாப் போட்டா போதாதா அண்ணாச்சி? ட்யூட்டிக்கு நேரமாச்சு" என்றாள் ஒரு நர்சு.

"போதாதும்மா. உன் பேரைச் சொல்லு."

கடைசி ஆள் போனதும் மேனேஜர் டீச்சரிடம் வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"முதலாளி கேப்பாரு. யாரு சரிபண்ணுனதுன்னு சொல்ல? உங்க பேரையே சொல்லிருதேன்."

டீச்சர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தங்கையா."