நாற்பத்தைந்து நிமிடம்

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு நாற்பத்தொன்பது. இதில் தப்பு ஒன்றும் இல்லை. தெரியாதவர் தெரிந்தவரிடம் போய் உட்காரும்போது யாரும் பிறந்த தேதி கேட்பதில்லை.

சீடர் மாசிலாமணி இருபத்து மூன்று வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவர். அந்த ஜூன் மாதம் அவருடைய பள்ளியின் புள்ளியியல் ஆசிரியர் மாற்றலாகிப் போனார். புதிதாக யாரும் வரவில்லை. "கணக்குதானே சார், நீங்களே பார்த்துக்குங்க" என்று தலைமையாசிரியர் பிளஸ் ஒன் வகுப்பை அவர் தலையில் கட்டிவிட்டார். கணக்கும் புள்ளியியலும் ஒன்றல்ல என்று இரண்டாவது வாரமே மாசிலாமணிக்குத் தெரிந்துபோயிற்று. அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல், ஊரின் மறுகோடியில் இருக்கும் இன்னொரு பள்ளிக்குப் போய் அங்கே புள்ளியியல் எடுக்கும் ஜெபசீலி டீச்சரிடம் பாடம் கேட்டு வருகிறார்.

அந்தச் சனிக்கிழமை ஜெபசீலி சிறப்பு வகுப்பை முடித்துவிட்டு, பிற்பகல் மூன்று மணிக்கு, காலி வகுப்பறையில் டிபன் பாக்ஸைத் திறந்தார். எலுமிச்சை சாதம். ஒரு வாய்கூட வைக்கவில்லை. மாசிலாமணி உள்ளே வந்து மேஜைமேல் ஒரு கட்டுத் தாளைத் தொப்பென்று போட்டார்.

"டீச்சர், ஒரே ஒரு கேள்வி."

"போன வாரமும் ஒண்ணுன்னுதான் சொன்னீங்க. ஏழு கேட்டீங்க."

"இன்னிக்கு நிஜமாவே ஒண்ணுதான். வீட்டுல உட்கார்ந்து படின்னா படிக்க மாட்டேங்கிற பிள்ளைய என்னதான் டீச்சர் செய்றது?"

ஜெபசீலி டிபன் பாக்ஸைப் பார்த்தார். பிறகு மூடி வைத்தார்.

"விவரமாச் சொல்லுங்க."

விவரம் இதுதான். பள்ளி திறந்த முதல் வாரமே மாசிலாமணி ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்துவிட்டார். புள்ளியியலுக்கு மட்டும் தினமும் வீட்டில் நாற்பத்தைந்து நிமிடம் படிக்க வேண்டும். படித்த நிமிடத்தை அன்றன்றைக்குக் கட்டத்தில் எழுத வேண்டும். திங்கட்கிழமைதோறும் தாள் அவர் கைக்கு வர வேண்டும். அகமதிப்பீட்டு மதிப்பெண் பத்தும் அந்தத் தாளை வைத்துத்தான். ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் இதைப் பாராட்டி இரண்டு நிமிடம் பேசினார். பேசாமல் இருந்திருக்கலாம்.

"மொத்தம் முப்பத்தெட்டு பேர். முப்பத்தேழு பேர் ஒழுங்கா எழுதிட்டு வர்றாங்க. ஒருத்தி மட்டும் என் உசிரை வாங்குறா. பேரு செல்வக்கனி. இதைப் பாருங்க. இருபது, பூஜ்யம், அறுபத்தஞ்சு, பத்து, முப்பது, பூஜ்யம். இது வீட்டுப்பாடமா, லாட்டரி நம்பரா?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரெண்டாவது வாரமே வகுப்புல எல்லார் முன்னாடியும் எழுப்பி நிறுத்திச் சொன்னேன். நாற்பத்தஞ்சுக்குக் கீழே ஒரு நாள் வந்தாலும் இந்தக் குரூப்புல இருக்க முடியாதுன்னு. தலையை ஆட்டுறா. அடுத்த திங்கக்கிழமை மறுபடியும் பூஜ்யம், பன்னெண்டு. அதுக்கு அடுத்த திங்கக்கிழமையும் அப்படித்தான். நானும் ஆறு வாரம் பொறுத்துப் பார்த்துட்டேன்."

சட்டைப் பையிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்து வைத்தார். மாணவி செல்வக்கனியைப் புள்ளியியல் பிரிவிலிருந்து நீக்கி வேறு பிரிவில் சேர்க்கப் பரிந்துரை. திங்கட்கிழமை தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"நேத்து சொன்னேன். அழல. அழுதிருந்தாலும் பரவாயில்ல. 'எங்க தெருவுக்குப் பக்கத்துலயே ஒரு ஸ்கூல் இருக்கு சார், அங்க இந்தக் குரூப் இல்லன்னுதான் ரெண்டு பஸ் மாறி இங்க வர்றேன்'னு சொன்னா. அப்படியே நிக்குறா. எனக்கு ராத்திரி சோறு இறங்கல டீச்சர். அதான் லெட்டரைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேட்கலாம்னு வந்தேன்."

"இடைப்பருவத் தேர்வு மார்க் லிஸ்ட் இருக்கா?"

"இருக்கு."

"வீட்டுல படிச்ச நேரத்துக்கும் வாங்கின மார்க்குக்கும் எவ்வளவு சம்பந்தம்னு ஒட்டுறவுக் கெழு கண்டுபிடிங்க. அந்த முப்பத்தேழு பேருக்கு மட்டும். நான் அதுக்குள்ள ரெண்டு வாய் சாப்பிடுறேன்."

மாசிலாமணி ஒழுங்கான மனிதர். தாளை எடுத்தார், கட்டம் போட்டார், முப்பத்தேழு பேருக்கும் படித்த நேரத்தின் சராசரியை எழுதினார். நாற்பத்தைந்து. நாற்பத்தைந்து. நாற்பத்தைந்து. பக்கத்தில் மதிப்பெண்கள். தொண்ணூற்றொன்று, பதினான்கு, முப்பத்தெட்டு, எழுபத்திரண்டு. பெருக்கினார், கழித்தார், கூட்டினார். கடைசி வரிக்கு வந்ததும் அவருடைய பேனா நின்றது. மறுபடி முதலிலிருந்து போட்டார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

"என்ன சார்?"

"வகுக்க முடியல. மேலயும் பூஜ்யம், கீழயும் பூஜ்யம்."

"ஏன்?"

"படிச்ச நேரத்துல வித்தியாசமே இல்ல. திட்ட விலக்கம் பூஜ்யம்."

"முப்பத்தேழு பிள்ளைங்க, ஆறு வாரம். ஒருத்தனுக்குக்கூட ஒரு நாள் காய்ச்சல் வரல. ஒருத்தி வீட்டுலகூட விருந்தாளி வரல. தேரோட்டத்தன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"நானும் தேர் பார்க்கத்தான் போனேன்."

"நானும்தான். ஊரே அங்கதான் நின்னுச்சு. உங்க பிள்ளைங்க முப்பத்தேழு பேரும் வீட்டுல உட்கார்ந்து நாற்பத்தஞ்சு நிமிஷம் படிச்சிருக்காங்க. செல்வக்கனி தாள்ல அன்னிக்கு என்ன இருக்கு?"

மாசிலாமணி தேடிப் பார்த்தார். "அஞ்சு."

"அஞ்சு நிமிஷமாவது எடுத்துப் பார்த்திருக்கா. நான் அதுகூடப் பார்க்கல."

மாசிலாமணி தாளைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு இந்த இடத்தில் அவர் மேல் கொஞ்சம் கோபம்தான். ஆறு வாரமாக அந்தத் தாள்களைத் திங்கட்கிழமைதோறும் வாங்கிச் சிவப்பு மையில் டிக் போட்டவர் அவர்தானே. பாடத்தில் தினமும் சொல்லிக்கொடுப்பது, தரவைப் பார், தரவைப் பார் என்று.

"சரி, அந்தப் பொண்ணோட தாளை வரிசையா வைங்க. பூஜ்யம் எந்தெந்த நாள்ல வருது?"

எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நாலு நாளைக்கு ஒருமுறை."

"காரணம்?"

"சோம்பேறித்தனம்."

ஜெபசீலி கையிலிருந்த ஸ்பூனை வைத்துவிட்டார்.

"சார், சோம்பேறித்தனம் நாலு நாளைக்கு ஒருமுறை டைம்டேபிள் போட்டுக்கிட்டா வரும்? உங்க வீட்டுக்குத் தண்ணி எப்போ வருது?"

"நாலு நாளைக்கு ஒருமுறை."

"யாரு பிடிக்கிறா?"

"வீட்டுல பிடிக்கிறாங்க."

"வீட்டுலன்னா?"

"என் சம்சாரம்."

"அதான் உங்களுக்குத் தெரியல."

மாசிலாமணி அந்தத் தாளை இரண்டு கையாலும் எடுத்துப் பார்த்தார். பூஜ்யங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். அவர் முகம் மாறியது. வருத்தம் வந்தது போலத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் கோபம் முந்திக்கொண்டது.

"அப்போ அந்த முப்பத்தேழு பேரும் ஆறு வாரமா என் காதுல பூ சுத்தியிருக்கானுங்க! திங்கக்கிழமை வரட்டும். ஒருத்தன் விடாம வெயில்ல முட்டி போட வைக்கிறேன். அகமதிப்பீடு எல்லாருக்கும் பூஜ்யம். இந்தப் பிள்ளைக்கு மட்டும் பத்துக்குப் பத்து."

ஜெபசீலி தலையில் அடித்துக்கொண்டார். நிஜமாகவே அடித்துக்கொண்டார், நெற்றியில், உள்ளங்கையால்.

"அடுத்த திங்கக்கிழமை என்ன ஆகும்னு நினைக்கிறீங்க? முப்பத்தெட்டு பேரும் இருபது, பூஜ்யம், அறுபத்தஞ்சுன்னு எழுதிட்டு வருவாங்க. செல்வக்கனி தாளைப் பார்த்து அவ பெஞ்சுல ஒரு வரிசை நிக்கும்."

"அதுவும் வேணாம், இதுவும் வேணாம்னா நான் என்னதான் டீச்சர் செய்யணும்? படிச்சா படிச்சேன்னு எழுது, படிக்கலன்னா படிக்கலன்னு எழுது. இதுல என்ன கஷ்டம்? உள்ளதை உள்ளபடி எழுதறதுக்கு ஒரு பிள்ளைக்குப் பாடமா நடத்த முடியும்?"

ஜெபசீலி மேஜை டிராயரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் நகர்த்தினார்.

"நீங்க பாடத்துக்குத் தயாரிப்பு செய்றீங்கல்ல? இந்த வாரம் எந்தெந்த நாள் எத்தனை நிமிஷம் தயார் பண்ணீங்க? திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் எழுதுங்க."

இது மாசிலாமணிக்குப் பழக்கமான வேலை. தினமும் ஒரு மணி நேரம் தயாரிப்பு என்பது அவருடைய பள்ளி விதி. பாடக்குறிப்பேட்டில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. திங்கட்கிழமைதோறும் தலைமையாசிரியர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். மாசிலாமணி பேனாவைத் திறந்து விறுவிறுவென்று எழுதினார். அறுபது, அறுபது, அறுபது, அறுபது, அறுபது.

ஜெபசீலி தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"புதன்கிழமை நீங்க சிவகாசியில கல்யாண வீட்டுல இருந்தீங்க. அங்கிருந்துதான் எனக்கு போன் பண்ணீங்க. பின்னாடி நாதஸ்வரம் கேட்டுச்சு."

மாசிலாமணி பேனாவை மூடினார்.

"வியாழக்கிழமை இன்டர்வெல்ல போன் பண்ணீங்க. 'டீச்சர், கால்மான விலக்கம்னா என்ன, அடுத்த பீரியட் அதான்'னு கேட்டீங்க. நான் நாலு நிமிஷம் சொன்னேன். மணி அடிச்சதும் வச்சிட்டீங்க."

"அது வந்து, டீச்சர், அந்தக் கட்டத்துல எல்லாருமே அறுபதுதான் எழுதுவாங்க. வேற எழுதினா எதுக்கு வம்புன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். வெளியே விளையாட்டு மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள். ஜெபசீலி இன்னொரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்தார்.

இந்த முறை மாசிலாமணிக்கு வெகுநேரம் பிடித்தது. திங்கள், இருபத்தைந்து. செவ்வாய், பத்து, அதுவும் பஸ்ஸில். புதன், பூஜ்யம். வியாழன், நான்கு. வெள்ளி என்று எழுதிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு பூஜ்யம் என்று எழுதினார். ஐந்து எண் எழுத இருபத்து மூன்று வருஷ அனுபவம் உள்ள ஒருவருக்கு வேர்த்துவிட்டது.

"இதை என்ன செய்றது?"

"திங்கக்கிழமை காலையில உங்க வகுப்புச் சுவர்ல ஒட்டுங்க. பிள்ளைங்க கண்ணுக்குத் தெரியுற மாதிரி. வாரா வாரம் ஒட்டுங்க. அவங்ககிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். வெறும் தாளை மட்டும் கொடுங்க. அகமதிப்பீட்டை அவங்க எழுதுற கட்டத்துலேர்ந்து எடுத்துடுங்க, அதுக்கு வேற எதையாவது பாருங்க."

மாசிலாமணி தாளைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து ஜன்னல் வரைக்கும் போனார். திரும்பி வந்தார். உட்கார்ந்தார். செல்வக்கனியை நீக்கச் சொல்லும் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். துண்டுகளை மேஜைமேல் வைத்தார்.

"இதுல நான் பண்ணது தப்பு டீச்சர். அந்தப் பொண்ணு என் வகுப்புலயே இருக்கட்டும். திங்கக்கிழமை அவகிட்ட நானே சொல்லிடுறேன். ஆனா இந்தத் தாளை மட்டும் ஒட்டச் சொல்லாதீங்க."

"ஏன்?"

"ஹெச்.எம். தினமும் ரெண்டு தடவை அந்த வகுப்புக்குள்ள நுழையுறவர். சுவர்ல இதைப் பார்த்தார்னா அன்னிக்கு மத்தியானமே மெமோ கையில கொடுத்துருவார். பதவி உயர்வுப் பட்டியல்ல இந்த வருஷம்தான் என் பேர் வந்திருக்கு. மெமோ விழுந்தா அதோட போச்சு. இதை அவர்கிட்ட போய் யாரு விளக்க முடியும்? அவருக்கு அறுபதுன்னா அறுபது."

"அப்படியா?"

"அப்படியான்னு கேட்கிறீங்களே டீச்சர்! என்ன ஆகும்னு நல்லாத் தெரிஞ்சும், உள்ளதை அப்படியே எழுதி ஒருத்தர் கையில கொண்டுபோய்க் கொடுப்பாங்களா? யாராவது செய்வாங்களா?"

ஜெபசீலி மேஜைமேல் கிடந்த செல்வக்கனியின் தாள்களை ஒன்றாக அடுக்கி அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க வகுப்புல எழுப்பி நிறுத்திச் சொன்ன பிறகு, நாலு திங்கக்கிழமை கொண்டுவந்து கொடுத்திருக்கா சார்."