கடல் தெரிய வேண்டும் என்ற கீரி

கடற்கரை மணல்மேட்டில் செம்பட்டையன் என்ற கீரி புது வீடு தோண்டியது. அதன் மனைவி வெடுக்கிக்கு நிறைமாதம். வாடைக்காற்று வருவதற்குள் வீடு முடிய வேண்டும்.

"வாசல் கடலைப் பார்த்துத்தான்! எங்க அண்ணன் வந்தா அசந்து போகணும்!" என்றது செம்பட்டையன்.

"காத்தும் அங்கிருந்துதானே வருது? மேற்கே வைங்க. தாழம்புதர் மறைவா இருக்கு."

"புதருக்குள்ள வாசலா? மானம் போயிடும்!"

கடலை ஒரு மணல் திட்டு மறைத்தது. அதன்மேல் அடம்புக்கொடி படர்ந்து, ஊதாப் பூ பூத்திருந்தது. செம்பட்டையன் கொடியைக் கடித்து இழுத்துப் போட்டது. திட்டையும் சரித்தது.

பக்கத்து வளை நண்டு பதறியது. "ஐயையோ! அந்தக் கொடிதானய்யா மணலைப் பிடிச்சு வச்சிருக்கு!"

"பக்கவாட்டில் நடக்கிற நீ எனக்குத் திசை சொல்றியா? போ, போ!"

 வெடுக்கி வீட்டின் பின்பக்கம் எதையோ தோண்டிக்கொண்டிருந்தது.

"அங்கே என்ன பண்றே?"

"குப்பை கொட்ட ஒரு வழி."

குட்டிகள் இரண்டு பிறந்தன. அண்ணன் கீரி பார்க்க வந்தது. வாசலில் நின்று, "அடேயப்பா! என்ன கடல்! என்ன அலை!" என்றது. செம்பட்டையனுக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றைக்கென்று வாடை கிளம்பியது! கொடி போன மணல் சும்மா கிடக்குமா? பறந்து வந்து வாசலை அடைத்தது. அண்ணன் உட்பட எல்லோரும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். செம்பட்டையன் தோண்டத் தோண்ட மணல் சரிந்துகொண்டே வந்தது. குட்டிகள் இன்னும் கண்கூடத் திறக்கவில்லை.

"ஐயோ, என் பிள்ளைங்க!" என்று செம்பட்டையன் அலறியது.

"அலறினது போதும்! ஒண்ணைக் கவ்விக்கிட்டு என் பின்னால வாங்க!" என்றது வெடுக்கி. இன்னொரு குட்டியைத் தானே கவ்விக்கொண்டு குப்பை வழியில் புகுந்தது. அந்த வழி தாழம்புதருக்குள் போய் முடிந்தது. அங்கே காற்றும் இல்லை, மணலும் இல்லை.

அண்ணன் மீசையில் ஒட்டிய மணலைத் தட்டியது. "தம்பி, வீடு பிரமாதம்! இதுதானே முன்வாசல்?"

செம்பட்டையன் வாயில் குட்டி இருந்தது. நல்லவேளை, பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காற்று ஓய்ந்ததும் செம்பட்டையன் திட்டை மறுபடி குவித்து, அதில் அடம்புக்கொடி நட்டது. நண்டு எட்டிப் பார்த்துச் சிரித்தது.

"என்னய்யா, இனிமேல் கடல் தெரியாதே?"

"சத்தம் கேட்குதே, அது போதும்! பிள்ளைங்க தூங்குது, மெதுவாப் பேசு!"

பார்க்க வருகிறவர் மெச்ச வேண்டும் என்று வீடு கட்டாதே. அங்கே அடிக்கும் காற்றையும் காக்கும் கொடியையும் மதித்துக் கட்டு.